அறிவுரை போதும், ஒரு கேள்வி கேளுங்கள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வாழ்க்கைத் திருப்பங்களில் நமக்குக் கிடைக்கக்கூடிய ஒரு துணை. புதிய பதவி வருகிறது, அது ஒரு திருப்பம். இருந்த வேலை போகிறது, அதுவும் திருப்பம். குழந்தை பிறந்து ஓராண்டு கழித்து ஒரு பெண் மறுபடியும் அலுவலகப் படியேறுகிறாள். முப்பது ஆண்டு உட்கார்ந்த நாற்காலியை விட்டு ஒருவர் ஓய்வு பெறுகிறார். இந்த இடங்களில் எல்லாம் மனிதன் தடுமாறுகிறான். அப்போது அவனோடு உட்கார்ந்து, அவன் தெளிவடையும்வரை கூடவே இருப்பதை ஒரு தொழிலாகவே கற்றுச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கோச் என்கிறார்கள்.

நீட் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி.க்கும் பாடம் நடத்தும் கோச்சிங் சென்டர் உங்கள் நினைவுக்கு வரலாம். அது வேறு. அங்கே ஆசிரியருக்கு விடை தெரியும், மாணவன் அதைக் கற்றுக்கொள்கிறான். நான் சொல்லும் கோச்சிடம் உங்கள் வாழ்க்கைக்கான விடை கிடையாது. அவரிடம் இருப்பவை மூன்று: நல்ல கேள்வி, கூர்ந்து பார்க்கும் கண், சொன்ன சொல்லை நினைவூட்டும் பிடிவாதம். இந்த மூன்றும் ஒரு மனிதனை எப்படி மாற்றுகின்றன என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். நம் நாட்டில் அறிவுரைக்குப் பஞ்சம் உண்டா? பிளஸ் டூ ரிசல்ட் வந்த வீட்டைப் பாருங்கள். பெரியப்பா இன்ஜினியரிங் என்கிறார். மாமா சி.ஏ. என்கிறார். மாடி வீட்டு சார், நர்சிங் படித்தால் வெளிநாடு போகலாம் என்கிறார். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்கூட நின்று ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போகிறார். எல்லோரும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, “உனக்கு எதில் ஆசை? ஏன் அந்த ஆசை? அதற்காக இதுவரை என்ன செய்து பார்த்தாய்?” என்று கேட்டவர் எத்தனை பேர்? கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருந்தவர் எத்தனை பேர்?

அறிவுரை கொட்டிக் கிடக்கும் நாட்டில் கேள்விக்குத்தான் பஞ்சம். காது கொடுப்பவருக்குத்தான் பஞ்சம்.

கேட்பதனால் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். இந்தத் துறையே ஒரு விளையாட்டுத் திடலில், ஓர் ஆசிரியர் சொல்வதைக் குறைத்துக்கொண்டபோது பிறந்ததுதான். திமோதி கால்வே என்று ஓர் அமெரிக்கர். ஹார்வர்ட் பல்கலைக்கழக டென்னிஸ் அணிக்குத் தலைவராக இருந்தவர், பின்னாளில் டென்னிஸ் கற்றுக்கொடுக்கப் போனார். எல்லா ஆசிரியர்களையும் போல அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். மட்டையை இப்படிப் பிடி, முழங்காலை மடக்கு, தோளைத் திருப்பு. சொல்லச் சொல்ல மாணவர்களின் உடம்பு இறுகியது. அவர் வாயை மூடிக்கொண்டபோது ஆட்டம் சீரானது!

அதைக் கண்டுகொண்டவர் என்ன செய்தார் தெரியுமா? பந்து தரையில் பட்டு எழும்போது ‘எழுந்தது’ என்று சொல், மட்டையில் படும்போது ‘அடித்தேன்’ என்று சொல், அது போதும் என்றார். மாணவனின் கவனம் முழுவதும் பந்தின்மேல் போனது. தப்பாக அடித்துவிடுவோமோ என்ற பயம் ஒதுங்கிக்கொண்டது. கை தானாகக் கற்றுக்கொண்டது. அந்த அனுபவத்தை அவர் 1974இல் ‘தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்’ என்ற நூலாக எழுதினார். மனிதனின் திறமையை மறைப்பது அவனுக்குள்ளே இருக்கும் இடையூறு, அந்த இடையூறு குறைந்தால் திறமை வெளியே வரும். இதுதான் அந்த நூலின் சாரம். டென்னிஸ் ஆடாதவர்களும் அதை வாங்கிப் படித்தார்கள். கம்பெனிகள் அவரை அழைத்தன. கார்ப் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் அவரிடம் கற்று, அதை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். 1992இல் விட்மோர் எழுதிய ‘கோச்சிங் ஃபார் பெர்ஃபார்மன்ஸ்’ இன்றும் இந்தத் துறையில் நுழைகிறவர்கள் படிக்கும் நூல்.

சரி, கற்றுக்குட்டிக்குக் கோச் வேண்டும். கரை கண்டவருக்கு எதற்கு? நியாயமான கேள்வி. அதற்கு ஓர் அறுவை மருத்துவர் தன் வாழ்க்கையாலேயே பதில் சொல்லியிருக்கிறார்.

அதுல் கவாண்டே. இந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர், பாஸ்டன் நகரில் பேர்பெற்ற அறுவை மருத்துவர், எழுத்தாளர். எட்டு ஆண்டுகள் அறுவை செய்தபின் தன் முன்னேற்றம் ஓரிடத்தில் நின்றுவிட்டதை அவர் உணர்ந்தார். பெரிய டென்னிஸ் வீரர்களுக்கு எல்லாம் கோச் இருக்கும்போது மருத்துவனுக்கு ஏன் இருக்கக்கூடாது என்று யோசித்தார். ராபர்ட் ஆஸ்டீன் என்ற மருத்துவர், கவாண்டே பயிற்சி பெற்ற காலத்தில் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர், அப்போது ஓய்வு பெற்றிருந்தார். அவரிடம் போய், “என் அறுவை அரங்குக்கு வந்து நான் வேலை செய்வதைப் பாருங்கள்” என்று கேட்டார்.

ஆஸ்டீன் வந்தார். ஒரு தைராய்டு அறுவை நடந்தது. நன்றாகவே நடந்தது. எங்கும் பிசகு இல்லை என்றுதான் கவாண்டே நினைத்தார். அறுவை முடிந்து இருவரும் உட்கார்ந்தார்கள். ஆஸ்டீன் குறித்துவைத்ததை எடுத்துச் சொன்னார். உங்கள் முழங்கை அவ்வப்போது தோள்வரை உயர்கிறது, அந்த நிலையில் கை துல்லியமாக வேலை செய்யாது. நீங்கள் நோயாளிக்குத் துணி போர்த்தியிருந்த விதம் உங்களுக்கு வசதி, எதிரே நிற்கும் உதவியாளருக்கு இடைஞ்சல். மேலேயிருந்த விளக்கு நகர்ந்துபோய், ஏறக்குறைய அரைமணி நேரம் அறுவை நடக்கும் இடத்தில் நேர் வெளிச்சமே விழவில்லை. நீங்கள் அதைக் கவனிக்கவே இல்லை!

நண்பர்களே, எண்ணிப் பாருங்கள். எட்டு ஆண்டு அனுபவம். உலகப் புகழ். ஆனால் தலைக்கு மேலே இருந்த விளக்கு விலகிப்போனது அவருக்குத் தெரியவில்லை. தன் கண்ணால் தன் முதுகைப் பார்க்க முடியுமா? எவ்வளவு பெரிய கெட்டிக்காரனாலும் முடியாது. இந்த அனுபவத்தை 2011இல் கவாண்டே ‘நியூயார்க்கர்’ இதழில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு தான் மறுபடியும் கற்கத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்.

நம் வள்ளுவர் இதை அரசனுக்கே சொல்லிவைத்தார். ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று தனி அதிகாரம் வகுத்து, தவறு கண்டபோது இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன், கெடுப்பதற்குப் பகைவன் இல்லாவிட்டாலும் தானே கெட்டுப்போவான் என்றார். அரசனுக்குப் பொருந்தும் என்றால் அறுவை மருத்துவருக்குப் பொருந்தாதா? உங்களுக்கும் எனக்கும் பொருந்தாதா?

இன்னொரு சந்தேகமும் எழும். என் வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர்தானே எனக்குக் கோச்சாக இருக்க முடியும்? அதற்குப் பதில் சொல்ல நம் சென்னைப் பிள்ளை குகேஷ் இருக்கிறார். 2024 டிசம்பர் 12 அன்று, சிங்கப்பூரில், டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் சதுரங்க வாகையர் ஆனாரே, அந்தக் குகேஷ். அவருக்குச் சதுரங்கத்தில் துணைநின்றவர்கள் கிராண்ட்மாஸ்டர்கள். அவர்களோடு பேடி அப்டன் என்ற தென்னாப்பிரிக்கரும் இருந்தார். 2011இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்கு மனப்பயிற்சி அளித்தவர் அவர். காய் நகர்த்துவதில் குகேஷுக்கு அவர் என்ன சொல்லித்தர முடியும்? ஒன்றும் முடியாது. அது அவர் வேலையும் இல்லை. முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெள்ளைக் காய்களோடு, குகேஷ் தோற்றார். பன்னிரண்டாவது ஆட்டத்தில் மறுபடியும் தோற்று, முன்னிலையை இழந்தார். அப்படித் தோற்ற மனத்தோடு அடுத்த ஆட்டத்துக்கு எப்படிப் போய் உட்காருவது? பதினான்காவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு வென்று பட்டம் எடுக்கிற உறுதி எங்கிருந்து வருவது? குகேஷின் திறமை குகேஷுடையது. அந்தத் திறமையும் அவரும் ஒரே மேசையில் நிம்மதியாக உட்காரத் துணைசெய்வதுதான் அப்படிப்பட்ட பயிற்சியாளரின் பணி.

உலக வாகையரை விடுங்கள், நம் பக்கத்துத் தெருவுக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்கு ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப். அங்கே கைதேர்ந்த டர்னர் ஒருவர். அவர் கை வைத்த பீஸ் ரிஜெக்ட் ஆனதே இல்லை. முதலாளி மகிழ்ந்து அவரை மேனேஜர் ஆக்குகிறார். ஆறு மாதத்தில் என்ன ஆகிறது? டிஸ்பேட்ச் தாமதம். பையன்கள் முறைக்கிறார்கள். இவருக்கு இரவில் தூக்கம் குறைகிறது. “பேசாமல் லேத்திலேயே இருந்திருக்கலாம்” என்று வீட்டில் புலம்புகிறார். கோச் ஒருவர் இவரோடு உட்கார்ந்தால் பேச்சு எப்படிப் போகும்?

“மூணு மாசம் கழிச்சு எல்லாம் சரியாயிடுச்சுன்னு வச்சுக்குங்க. ஷாப்ல என்ன மாறியிருக்கும்?”

“டிஸ்பேட்ச் சொன்ன தேதிக்குப் போயிருக்கும் சார். நானும் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போயிருப்பேன்.”

“இப்ப ஒரு நாள்ல மெஷின்கிட்ட எவ்வளவு நேரம் நிக்கறீங்க?”

“முக்காவாசி நேரம் அங்கதான் சார். பையன் செட்டிங் தப்பா போட்டா, அவனைத் தள்ளச் சொல்லிட்டு நானே போட்டுடுவேன். சட்டுனு முடிஞ்சிடும்.”

“முடிஞ்சதும் அந்தப் பையன் என்ன கத்துக்கிட்டிருப்பான்?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கோச்சும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவரே சொல்கிறார், “ஒண்ணும் கத்துக்கிட்டிருக்க மாட்டான். அடுத்த தடவையும் எனக்காகத்தான் காத்திருப்பான்.”

கவனியுங்கள். “நீங்கள் வேலையைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும்” என்று கோச் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. முதலாளி அதைப் பத்து முறை சொல்லியிருப்பார், அது ஏறவில்லை. இப்போது அவர் வாயிலிருந்தே வந்தது, அதனால் மனத்தில் நின்றது. அடுத்த கேள்வி, “வேற என்னென்ன வழி இருக்கு?” அவர் மூன்று வழி சொல்கிறார். “அதுல எதை, எந்த நாள்ல ஆரம்பிக்கப் போறீங்க?” “வர்ற திங்கக்கிழமையிலேர்ந்து ரெண்டு பையன்களை அவங்களே செட்டிங் போட விடறேன் சார். நான் கையைக் கட்டிக்கிட்டு நிப்பேன். பீஸ் வீணாகப்போற மாதிரி இருந்தா மட்டும்தான் நிறுத்துவேன்.” ஒரு வாரம் கழித்துக் கோச் மறக்காமல் கேட்பார், “செஞ்சீங்களா? என்ன ஆச்சு?”

இலக்கு என்ன, இன்றைய நிலை என்ன, வழிகள் எவை, எதைச் செய்யப்போகிறாய். விட்மோரும் அவருடைய தோழர்களும் 1980களில் உருவாக்கிய முறை இந்த நாலு கேள்விதான். கேட்பதற்கு எளிது. ஆனால் இடையில் புகுந்து விடை சொல்லாமல் இருக்க வேண்டுமே, அதற்குத்தான் பயிற்சி வேண்டும். குழந்தைக்கு நடைவண்டி கொடுக்கிறோம். நடப்பது குழந்தையின் கால்தான். நடை வந்ததும் வண்டி மூலைக்குப் போய்விடும். நல்ல கோச்சும் அப்படித்தான், தான் தேவைப்படாமல் போகிற நாளுக்காகவே உழைக்கிறார்.

இது வெறும் நம்பிக்கையா என்று கேட்பீர்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், பணியிடக் கோச்சிங் பற்றிய 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோட்டு 2014இல் முடிவை வெளியிட்டார்கள். வேலைத்திறன், மனநலம், சிக்கலைத் தாங்கும் வலு எல்லாவற்றிலும் பயன் தெரிந்தது. எதில் மிகுதியாகத் தெரிந்தது? தானே இலக்கு வைத்துக்கொண்டு தன்னைத் தானே நடத்திச்செல்லும் திறனில். நான் இவ்வளவு நேரம் சொன்னதும் அதைத்தான்.

இனி, வாழ்க்கையின் பெரிய மாற்றங்களுக்கு வருகிறேன். வில்லியம் பிரிட்ஜஸ் என்ற அமெரிக்கர் 1980இல் ‘டிரான்சிஷன்ஸ்’ என்று ஒரு நூல் எழுதினார். மாற்றம் வெளியே ஒரே நாளில் நடந்துவிடும், அதை மனம் கடந்துபோக நாளாகும் என்றார். அந்தக் கடந்துபோதல் எங்கே தொடங்குகிறது? புதியதில் இல்லை, பழையது முடிவதில் தொடங்குகிறது. முதலில் ஒரு முடிவு. அடுத்து, பழையதும் இல்லாமல் புதியதும் வராமல் நிற்கும் ஓர் இடைக்காலம். அதன்பிறகுதான் புதிய தொடக்கம்.

நம் அரசு அலுவலர் ஒருவரின் ஓய்வை நினைத்துப் பாருங்கள். தமிழக அரசு ஓய்வு வயதை 2020இல் 58இலிருந்து 59 ஆக்கியது, 2021இல் 60 ஆக்கியது. அறுபதாவது வயதில் அவருக்கு விழா. மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு, வீடுவரை கொண்டுவந்து விடும் கார். பென்ஷன் கணக்கு முடிந்தது, ஜி.பி.எஃப். வந்தது, கிராஜுவிட்டி வந்தது. எல்லாக் கோப்பும் தயார். மனிதர் தயாரா? திங்கட்கிழமை காலை பத்து மணி. குளித்து, திருநீறு பூசி, தலைவாரி நிற்கிறார். போக இடமில்லை. நேற்றுவரை ‘சார்’ என்று எழுந்து நின்றவர்கள் இன்று இல்லை. வீட்டில் எதற்கெடுத்தாலும் கோபம். “சும்மா பேப்பர் படிங்க, கோயிலுக்குப் போங்க” என்கிறார்கள். அதுவும் ஓர் அறிவுரைதான்!

அவர் நிற்பது பிரிட்ஜஸ் சொன்ன அந்த இடைக்காலத்தில். அவரிடம் ஒருவர் கேட்க வேண்டும், “இத்தனை வருஷத்தில் எந்த வேலையில் இருக்கும்போது நேரம் போனதே தெரியவில்லை?” அவர் யோசிப்பார். “புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு நோட் எழுதச் சொல்லிக்கொடுத்தேனே, அப்போது.” அந்த ஒரு பதிலில் ஒரு வழி திறக்கிறது. ஊர் நூலகத்தில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அவர் வாரம் இரண்டு நாள் வகுப்பெடுக்கலாம். நாற்காலி போனது, கற்றுக்கொடுக்கும் கை போகவில்லை. அதை அவருக்கு நினைவூட்ட ஒரே ஒரு கேள்வி தேவைப்பட்டது.

தாயான பெண்களுக்கும் இதே கதைதான். 2017இல் சட்டம் திருத்தப்பட்டு மகப்பேறு விடுப்பு 26 வாரம் ஆனது. மிக நல்ல சட்டம். ஆனால் இருபத்தேழாவது வாரம் அவள் திரும்பி வரும்போது அவளோடு உட்கார்ந்து பேசுவது யார்? “முடிஞ்சா பாரு, இல்லேன்னா விட்டுடு” என்று வீடு சொல்கிறது. “பழைய வேகம் இருக்குமா?” என்று அலுவலகம் சந்தேகப்படுகிறது. அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் அவளைக் கேட்பதில்லை. அப்படிக் கேட்கப்படாமலேயே எத்தனை திறமைகள் வீட்டோடு நின்றுவிட்டன!

இவ்வளவு போற்றிப் பேசும் நான், எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் கோச் ஆக அரசு உரிமம் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் கார்டு அச்சடித்துக்கொள்ளலாம். ஆகவே நீங்கள்தான் கேட்க வேண்டும். எங்கே பயிற்சி பெற்றீர்கள்? எத்தனை மணிநேரம் செய்திருக்கிறீர்கள்? 1995இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். என்ற சர்வதேச அமைப்பு, முதல் நிலைச் சான்றுக்கே 100 மணிநேரம் கோச்சாகப் பணிசெய்த அனுபவம் கேட்கிறது, அடுத்த நிலைக்கு 500, உச்ச நிலைக்கு 2,500. கம்பெனி பணம் கட்டுகிறது என்றால், “நான் பேசுவது யார் காதுக்குப் போகும்?” என்று முதல் நாளே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒரே மாதத்தில் கோடீஸ்வரன் ஆக்குகிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கோச் மருத்துவர் இல்லை. நாள்கணக்கில் தூக்கமில்லை, உயிர் வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் 14416 என்ற டெலி-மானஸ் எண் இரவும் பகலும் இயங்குகிறது. நல்ல கோச் அந்த எல்லையை அறிந்து, தானே அங்கே அனுப்பிவைப்பார்.

இன்னொன்றும் உரத்துச் சொல்கிறேன். சம்பளம் தராத முதலாளியையும், தொல்லை கொடுக்கும் மேலதிகாரியையும் சகித்துக்கொள்ளக் கற்றுத்தருவது கோச்சிங் ஆகாது. அங்கே தேவை தொழிற்சங்கம், தொழிலாளர் துறை, பெண்களுக்குப் பாலியல் தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகப் புகார்க் குழு. அநீதியை ஒருவனின் மனப்பலவீனம் என்று பெயர்மாற்றிக் காட்டுகிறவர் கோச் அல்லர்.

நிறைவாக என் கோரிக்கை. இன்று இந்தத் துணை பெரும்பாலும் யாருக்குக் கிடைக்கிறது? பெரிய கம்பெனியின் பெரிய நாற்காலிகளுக்கு. கூகுளின் தலைவர்களும் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸும் பில் கேம்பெல் என்ற முன்னாள் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளரிடம் யோசனை கேட்டார்கள். நல்லது. ஆனால் திருப்பம் அவர்களுக்கு மட்டுமா வருகிறது? ஆலை மூடப்பட்ட தொழிலாளிக்கு வரவில்லையா? கணவனை இழந்து கடையை ஏற்று நடத்தும் பெண்ணுக்கு வரவில்லையா? கல்லூரிகள் வேலைவாய்ப்பு நாளில் மட்டும் மாணவனைப் பார்க்காமல், அவனோடு பேசப் பயிற்சி பெற்ற ஒருவரை வைக்கட்டும். அரசு அலுவலகங்கள் ஓய்வுக்கு ஓராண்டு முன்பே அந்த உரையாடலைத் தொடங்கட்டும். சங்கங்கள் தங்கள் மூத்த தோழர்களை இந்தக் கலையில் பயிற்றுவிக்கட்டும்.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டிலும் ஒருவர் ஒரு திருப்பத்தில் நின்றுகொண்டிருப்பார். மகனோ, மருமகளோ, ஓய்வு பெற்ற அப்பாவோ. இந்த வாரம் அவர் அருகில் போய் உட்காருங்கள். நாவின் நுனிவரை வந்த அறிவுரையை நிறுத்திவையுங்கள். “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அவர் ஒன்றைச் செய்வதாகச் சொன்னால், ஒரு வாரம் கழித்து மறக்காமல் விசாரியுங்கள். காசு செலவில்லை, பட்டம் தேவையில்லை, பொறுமை ஒன்று போதும். அதைச் செய்யுங்கள் என்று உங்களை அன்போடு கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.